குழாய் அடைத்த வகை

பில்லில் துப்பாக்கி என்ற சொல் வரக்கூடாது.
அதைத் தொட எனக்கு லைசென்ஸ் இல்லை.
'இரும்புக் குழாய் அடைத்த வகை, ரூ.650' என்று எழுதி
மந்திரமூர்த்தி கேஸ் வெல்டிங், வண்ணார்பேட்டை
என்று சீல் குத்தினேன்.
மை காயுமுன் ஏட்டு மடித்துவிட்டார்.
என் பெயர் இரண்டு பக்கமும் விழுந்தது,
ஒரு பக்கம் கண்ணாடி எழுத்தாக.

கடைக்குக் கொண்டுவரவும் கூடாதாம்.
சிலிண்டரை லோடு ஆட்டோவில் ஏற்றி
பாளையங்கோட்டை ஆயுதப்படை மைதானத்துக்குப் போனேன்.
ஆனி மாதம். வேப்பமரத்தடியில் ஒரு மேஜை.
மேஜையில் பச்சைப் போர்வைக்குள் படுத்திருந்தது
களக்காட்டு வாழைக்காரர் ஒருவரின் ரைபிள்.
அவர் மாசியில் போய்விட்டார்.
இது இன்னும் உயிரோடு இருப்பதுதான் சிக்கல்.

அன்னபாக்கியம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்,
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு.
கோர்ட் என்று நினைத்தாரோ என்னவோ.
விற்றுவிடலாம், ஒப்படைத்துவிடலாம்,
அல்லது இனி சுடவே முடியாதபடி செய்து வைத்துக்கொள்ளலாம்:
கலெக்டர் ஆபீஸ் கடிதத்தில் மூன்று வழி.
"மூணாவது" என்றார்.
ஏம்மா என்று ஆர்மரர் எபனேசர் கேட்டதற்கு
"செவத்துல அது தொங்குன தடம் இருக்கு சார்.
வெள்ளையடிச்சும் போகல.
காலண்டர் மாட்டிப் பாத்தேன், பத்தல."

எபனேசர் உள்ளிருந்த ஊசியைக் கழற்றி
நசுக்கி, உறையில் போட்டு, அரக்கு வைத்தார்.
குழலை என்னிடம் நீட்டினார்.
அடைக்குமுன் ஒரு தடவை கண்ணை வைத்தேன்.
யாராயிருந்தாலும் வைப்பார்கள்.
உள்ளே இரும்பு முறுக்கிக்கொண்டு போனது,
விரியாத வாழைக்குருத்து மாதிரி.
அந்தக் கோடியில் சுண்டைக்காய் அளவு வெளிச்சம்.
அதற்குள் ஒரு வேப்பம்பழமும்
காக்கை வாலில் பாதியும் இருந்தன.

டிராக்டர் டிரெய்லர், கோயில் உண்டியல், தண்ணி லாரி,
ஓட்டை என்றால் அடைப்பேன்,
இருபத்திரண்டு வருஷமாக அதுதான் தொழில்.
ஓட்டையாகவே செய்த ஒன்றை
அடைத்தது அன்றைக்குத்தான்.
ஆனிக் காற்று சுடரைச் சாய்த்துக்கொண்டே இருந்தது.
இரண்டு கான்ஸ்டபிள்கள் தகரம் பிடித்தார்கள்.
காக்கை எப்போது போனதென்று தெரியவில்லை.

சுட முடியாது என்று எழுத வேண்டுமானால்
சுட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.
எபனேசர் மணல் மூட்டையைக் குறி பார்த்தார்.
ஊசி உறையில் இருக்கிறது, ஈயம் என் கையால் உருகியது,
தெரிந்தும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
டிக்.
திறந்தபோது கான்ஸ்டபிள்கள் காதைப் பொத்தியிருந்தார்கள்.
அந்த அம்மா மட்டும்
"அவ்வளவுதானா?" என்றார்.

புது பஸ் ஸ்டாண்டில் நான்தான் ஏற்றிவிட்டேன்.
போர்வைச் சுருளைப் பார்த்து
என்னம்மா இது என்றார் கண்டக்டர்.
"குழாய்."
லக்கேஜ் இருபது ரூபாய் கிழித்தார்.

ஆவணியில் போன் வந்தது.
பன்றி வருகிறதா என்று கேட்டேன்.
"வருது, அதுக்கு வெவரம் தெரிஞ்சிட்டு போல.
கொழுந்தன்மாருக்குத்தான் தெரியல.
சர்டிபிகேட் இங்கிலீஷ்ல இருக்கு அண்ணாச்சி,
அரிசி டிரம்முக்கு அடியில வச்சிருக்கேன்.
மாசியில இருந்து வடக்கு வரப்புக் கல்லு
சாண் சாணா நடந்துகிட்டே இருந்துச்சி.
இப்ப நிக்கி."

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம், வாழை இலைச் சத்தம்.
"பில்லுல குழாய்னுதான எழுதிருக்கிய?"
ஆமா.
"அதையும் யார்ட்டயும் சொல்லிராதிய."

சொல்லவில்லை.
களக்காடு என்று மேலே எழுதியிருக்கிறேனே,
அது வேறு ஊர்.